ஐந்நூறு ரூபாயும் மூன்று சென்ட் மனையும்

"ஜவுளிக்கடைச் சம்பளத்தில் மனை எப்படி வாங்கினீர்கள்?" என்று என்னைக் கேட்காத பெண் எங்கள் தெருவில் இல்லை. "உங்க அண்ணன் தம்பி யாராவது துபாய்ல இருக்காங்களா அக்கா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். துபாயிலும் இல்லை, சவூதியிலும் இல்லை. என் அண்ணன் இலஞ்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையை நஷ்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வாங்கிய மனையைவிட, வாங்காமல் போன மனைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

2004-ஆம் வருடம். கல்யாணமாகி நாலு வருடம், பெண்ணுக்கு இரண்டு வயது. என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் ஒரு கடையில் சேல்ஸ்மேன் வேலை, சம்பளம் 2,400 ரூபாய். நான் அத்தையோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் ஒரு மனை கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மாதம் 500 ரூபாய், 60 மாதம் கட்டினால் மூன்று சென்ட் மனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினார்கள். வெள்ளையடித்த கல், வண்ண வண்ணக் கொடி, கையில் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம்! என் பெண் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அந்த நம்பரையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

41 மாதம் கட்டினேன். அட்டையில் 41 முத்திரை. நாற்பத்திரண்டாவது மாதம் வசூலுக்கு ஆள் வரவில்லை. ஆபீசுக்குப் போனால் பூட்டு. இடத்தைப் பார்க்கப் போனோம். கல் நட்டிருந்த இடத்தில் உளுந்து முளைத்திருந்தது! நிலத்துக்காரர் பெரியவர், பாவம், அவருக்கே எங்களைப் பார்த்து இரக்கமாகிவிட்டது. "அட்வான்ஸுன்னு கொஞ்சம் கொடுத்துட்டு கல்லு நட்டாங்கம்மா. அப்புறம் ஒருத்தரும் வரல. நான் எழுதியே கொடுக்கலயே" என்றார்.

20,500 ரூபாய். இன்று சிலருக்கு அது பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு அது எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. வேன் ஏறும் முன்பு நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "இந்த நிலம் இன்றைக்கு யார் பேரில் இருக்கிறது?" கொடியையும் சாதத்தையும் பார்த்தோமே தவிர, தாளைப் பார்க்கவில்லை. இப்படிப் பணம் வாங்கி ஏமாற்றுகிறவர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997-லேயே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்துவிட்டது, பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் செய்யலாம் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் கோபத்தில் நான் அட்டையை அடுப்பில் போட்டிருந்தேன். ரசீது, அட்டை எதுவாக இருந்தாலும் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

ஒரு வருடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். பிறகு ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றிற்று. 41 மாதம் 500 ரூபாய் இல்லாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோமே! யாரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படியானால் மாதம் 500 ரூபாய் எங்களிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பணம்தான் போயிற்று, அதைக் கட்டிய பழக்கம் போகவில்லை. கம்பெனி மூடியபின் அந்த ஐந்நூறு எங்கே போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயோ கரைந்துகொண்டிருந்தது.

2009 பொங்கல் கழிந்ததும் தபால் ஆபீசில் ஐந்து வருட ஆர்.டி. ஒன்று என் பேரில் போட்டேன். எங்கள் தெருவுக்கு ஒரு ஏஜென்ட் அக்கா வருவார்கள். இந்தப் பெண் ஏஜென்ட் ஏற்பாடு 1972-லிருந்தே இருக்கிறது. அவர்களுக்குக் கமிஷன் அரசாங்கமே கொடுத்துவிடும், நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து வாங்கிப் போவது வசதிதான். ஆனால் சூடு கண்ட பூனை அல்லவா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாஸ் புத்தகத்தை வாங்கி, தபால் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் உன்னைப் போலப் பார்த்தா எனக்கும் நிம்மதிதான்" என்றார்கள்.

மாதம் 500 வீதம் 60 மாதத்தில் நான் கட்டியது 30,000. அப்போதைய ஏழரை சதவீத வட்டியில் 2014-ல் என் கைக்கு வந்தது 36,445 ரூபாய். "இதுக்குத்தானா அஞ்சு வருஷம்?" என்றார் வீட்டுக்காரர். எனக்கோ அந்த நோட்டுக்களை எண்ணும்போது கை நடுங்கிற்று. அதைத் தொடாமல் அப்படியே பாங்கில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட்டேன். சித்திரையில் அடுத்த ஆர்.டி., இந்தத் தடவை மாதம் 1,000.

ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவர் சம்பளம் அதற்குள் கொஞ்சம் ஏறியிருந்தது, அது ஒரு பங்கு. மீதி அடுக்களையில்தான். மாசி பங்குனியில் பிசான அறுவடை ஆனவுடன் நெல்லாக வாங்கி, வீட்டிலேயே அவித்துக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வோம். புளியும் வத்தலும் அதே பருவத்தில் வருடத்துக்கு வாங்கிவிடுவேன். கடையில் மாதாமாதம் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். எங்கள் ஐந்து பேருக்கு அதிலேயே மூன்று மாத ஆர்.டி. கட்டிவிடலாம் போலிருந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை, எங்கள் அம்மாக்கள் செய்ததுதான். ஆனால் மொத்தமாக வாங்க ஒரு தொகை கையில் வேண்டுமே! அதற்குத் தீபாவளி போனஸை மாசி வரை பூட்டி வைத்தேன். அந்த வருடத் தீபாவளிக்கு எனக்குச் சேலை கிடையாது. ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டிக்குப் புதுச்சேலை இல்லை என்று எங்கள் மதினி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஒரு இடத்தில் தப்பான வழியில் மிச்சம் பிடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கும் பையனுக்கும் பால், முட்டை குறைக்கவில்லை. அத்தைக்கும் அவருக்கும் குறைக்கவில்லை. என் தட்டில் குறைத்தேன். காலையில் வெறும் டீ, மத்தியானம் ரசமும் சோறும், ராத்திரி மிஞ்சியது. இரண்டு வருடத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று, பீடி இலை வெட்டும்போது கண் இருட்டிற்று. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "வீட்டுல வறுமையா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். "இல்லைங்க, மனை வாங்கப் போறோம்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை, "மனை கெடக்கட்டும்ளா. நீ இல்லாம அதுல யாரு கோலம் போடப் போறா?" என்று அழுதுவிட்டார்கள். ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரை, பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து கீரை, வாரத்தில் இரண்டு நாள் கருவாடு. மிச்சம் பிடித்த காசில் பாதி டெஸ்டுக்கும் டானிக்குக்கும் போயிற்று.

பீடி சுற்றுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் திண்ணைக்குத் திண்ணை முறம் மடியில்தான் இருக்கும். 1977-லேயே பி.எஃப். சட்டம் பீடித் தொழிலுக்கும் வந்துவிட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிற பெண்களுக்கும் அது உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் இன்னொருத்தி பாஸில் சுற்றிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். கூலி அன்றைக்கே கைக்கு வரும், ஆனால் பி.எஃப். அவள் கணக்கில் ஏறும். நான் கல்யாணமான வருடமே என் பேரில் பாஸ் வாங்கியிருந்தேன். மனை வாங்க பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்கலாம் என்பது அந்த நாளில் பீடிக் கடையில் யாருக்குமே ஞாபகம் வரவில்லை. நானே கேட்டுக் கேட்டு மனு எழுதினேன். புகையிலைத் தூளோடு வருகிற இருமலுக்கு அந்த ஒன்றாவது ஈடாக இருக்கட்டுமே.

2016-ல் ஒரு மனை படிந்து வந்தது. சாலையோரம், தண்ணீர் வசதி, விலையும் குறைவு. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்றார் தரகர். நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார். கையில் தொகை முழுதாகச் சேராததால் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. அந்த செப்டம்பரில்தான் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவித்தார்கள். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபின் கட்டணம் கட்டி ஒரு வழியாகச் சரி செய்தார்கள். நாங்கள் தப்பியது புத்திசாலித்தனத்தால் அல்ல, காசு பத்தாததால்! ஆனாலும் அன்றிலிருந்து "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுவேன்.

இப்போது வாங்கிய மனைக்கு வருகிறேன்.

2019-ல் எங்கள் அச்சன்புதூரிலேயே, ஊருக்குள் பழைய நத்தத்தில் மூன்று சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிக்கு ஏழு அடி அதிகம். சென்ட் 70,000 என்று முடிந்தது. விற்றவர் எங்களுக்கு ஓரளவு பழக்கமானவர். பட்டா என் பேரில்தான் இருக்கிறது, பாருங்கள் என்று காட்டினார். இருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கத் தயார்.

முப்பது வருடத்துக்கும் மேலாக வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். இப்போதெல்லாம் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், என் பெண் போனில் எடுத்துக் கொடுத்தாள். 1987-ல் அந்த ஆளின் அப்பா கிரயம் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அடமானம் இல்லை, நல்லதுதான். ஆனால் அப்பாவிடமிருந்து இவருக்கு எப்படி வந்தது? செட்டில்மெண்ட் இல்லை, பாகப்பிரிவினை இல்லை, உயிலும் இல்லை.

"நான்தானே ஒரே ஆம்பளப் பிள்ளை" என்றார்.

கூடப் பிறந்தவர்கள்?

"ரெண்டு தங்கச்சி. அவங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே."

தென்காசியில் ஒரு வக்கீலிடம் 1,500 ரூபாய் கொடுத்து யோசனை கேட்டேன். 2,10,000 ரூபாய்க்கு மனை வாங்குகிறவள் 1,500-க்கு யோசிக்கக் கூடாது. அவர் சொன்னது இதுதான்: இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லிருந்து, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை எழுதிவைக்காமல் இறந்துபோனால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டது இதில் கழியாது. பட்டா ஒருத்தர் பேரில் இருப்பதால் மட்டும் சொத்து அவருடையதாகிவிடாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள், அதில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழில் நாலு பேர். அம்மா, மகன், மகள் இரண்டு. அம்மாவும் மூத்த மகளும் ஊரிலேயே இருந்தார்கள். இளையவள் சங்கரன்கோவிலில். அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடமாம். "அவ எதுக்குங்க? வரவும் மாட்டா, கேக்கவும் மாட்டா" என்றார் அவர். வேறு பார்ட்டி இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார்.

அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சமில்லை. "ஏளா, இப்படித் தாளு தாளா நோண்டிக்கிட்டிருந்தா மனை கையவிட்டுப் போயிரும்" என்பார் இவர். "போனாப் போகட்டும்ங்க. கையில இருக்கிற காசு போகாதுல்லா?" என்பேன் நான். உண்மையைச் சொன்னால் எனக்கும் ராத்திரி தூக்கமில்லை. பதினைந்து வருடமாக ஒரு மனைக்காகக் காத்திருந்துவிட்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கையெழுத்துக்காக அதை விடுவதா?

கடைசியில் அண்ணனே போய்க் கூப்பிட்டார். பங்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அவர்கள் குடும்ப விஷயம், நான் கேட்கவில்லை. பத்திரப் பதிவு அன்று அந்தப் பெண் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். அவளும் பீடிதான் சுற்றுகிறாளாம், விரல் நுனியைப் பார்த்ததுமே தெரிந்தது. நாலு பேர் கையெழுத்தும் கைரேகையும் போட்டார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது அவள் என்னிடம், "எங்கப்பா சொத்துல என் பேரை இன்னைக்குத்தான் அக்கா எழுத்துல பாக்கேன்" என்றாள். அண்ணன் காதில் விழுந்திருக்கும். அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நாலு பேருக்கும் பன் வாங்கிவந்தார். அவளுக்கு முதலில் கொடுத்தார்.

பணக் கணக்கைச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். இரண்டாவது ஆர்.டி.க்கு 8.4 சதவீத வட்டி, 74,653 ரூபாய் வந்தது. பழைய 36,445 ரூபாய் பாங்கில் கிடந்து 54,000 சொச்சமாகியிருந்தது. என் பி.எஃப். முன்பணம் 48,000. இரண்டு பவுன் சங்கிலி விற்றதில் ஏறக்குறைய அதே அளவு. அடகு வைக்கவில்லை, விற்றேன். வட்டி கட்டிக்கொண்டே மனை வாங்கினால் வீட்டில் சாப்பாடு இறங்காது. மீதி பன்னிரண்டாயிரம் இவருடைய போனஸ். மனை விலைக்கு மேலே முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் நாலு, ஆக 11 சதவீதம், 23,100 ரூபாய். எழுத்துக் கூலி தனி. மனைக்குச் சேர்க்கிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, பதிவுக்கு முந்தின நாள் கைமாற்றுக்கு ஓடுகிறார்கள். விலையைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். கொடுத்த காசு தாளில் இருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது வழக்கு என்று வந்தால் தாளில் உள்ளதுதானே பேசும்?

2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், வழிகாட்டி மதிப்பை அதே சமயம் ஏற்றினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று வந்தது. எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, ஆனாலும் பத்திரம் என் பேரில்தான். "உன் பேர்லயே எழுதிக்கோ. அந்த ஐந்நூறைக் கண்டுபிடிச்சது நீதானே" என்று பத்திர எழுத்தர் முன்னாலேயே இவர் சொன்னார். இரண்டு மாதம் போட்ட சண்டை அதோடு சரியாகிவிட்டது.

அடுத்து நான் செய்தது பட்டா மாற்றம். பத்திரம் கைக்கு வந்ததோடு பெட்டியில் பூட்டிவிட்டால் போதாது. விற்றவர் பேரிலேயே பட்டா கிடந்தால் அவருக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அது ஒரு பிடி. சர்வேயர் வந்து அளந்தபோது வடக்குப் பக்கத்து வேலி எங்கள் மனைக்குள் ஒரு முழம் வந்திருந்தது. பக்கத்து மனைக்கார அண்ணாச்சி நல்லவர், தானே பிடுங்கித் தள்ளி நட்டார். பத்து வருடம் கழித்து அளந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த வருடம் நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மனைப் பேச்சு இல்லாத வீடு இல்லை. என்னிடமும் ஒருவர் வந்து கேட்டார். நான் விலையே கேட்கவில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் எனக்கும் வர ஆரம்பித்தபோது, அதை வீட்டுச் செலவில் கலக்காமல் அடுத்த மாதமே ஒரு ஆர்.டி. போட்டேன். 6.7 சதவீதம் வட்டி, அறுபது மாதத்தில் 71,366 ரூபாய். அது கிணற்றுக்கோ அஸ்திவாரத்துக்கோ, தெரியாது. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். தன் பேரில் தனியாக ஒன்று போட்டிருக்கிறாள். எவ்வளவு என்று அவளாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு இன்னும் கட்டவில்லை. மூலையில் இரண்டு தென்னங்கன்று வைத்திருக்கிறோம், வேலியோரம் ஒரு முருங்கை. சாரல் விழுந்தால் முருங்கை அப்படித் தழைக்கிறது! புதனும் சனியும் கீரை பறிக்கப் போவேன். அத்தைக்கு இப்போது நடக்க முடியவில்லை, இருந்தாலும் "பறிச்சது போதுமா, உனக்கும் இருக்கா?" என்று கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள்.